அகிரா: காகிதத்தில் இல்லாத வெளிச்சம்

கட்சுஹிரோ ஓட்டோமோ வரைந்த 'அகிரா' மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, 2000 பக்கங்களைத் தாண்டும். அவரே இயக்கிய அனிமேஷன் படம் 124 நிமிடம். கணக்குப் போட்டால் ஒரு பக்கத்துக்கு நான்கு விநாடிகூடத் தேறவில்லை. படத்தைக் குறை சொல்பவர்கள் பிடித்துக்கொள்வது இதைத்தான்: கதை அரைகுறை, பாதிப் பாத்திரங்களைக் காணோம், கடைசி அரைமணி நேரம் என்ன நடக்கிறதென்றே புரியவில்லை. மூன்றும் உண்மை. ஆனால் இந்தப் பட்டியலோடு படம் பார்க்க உட்கார்ந்தால், அது எதற்காக எடுக்கப்பட்டதோ அது கண்ணில் படாமலே போய்விடும். மங்கா கறுப்பு வெள்ளை. ஒரு கட்டத்தை எவ்வளவு நேரம் பார்ப்பது என்பது வாசகர் விருப்பம். எரியும் விளக்கு, காதில் விழும் சத்தம், 'இவ்வளவு நேரம்தான் உனக்கு' என்ற கெடுபிடி ஆகிய மூன்றையும் காகிதத்தால் தர முடியாது. படத்தின் உழைப்பில் பெரும்பகுதி இந்த மூன்றுக்குத்தான் போயிருக்கிறது. பார்க்க வேண்டியதும் இவற்றைத்தான். நம் வீட்டுக் கருவிகள் முதலில் கெடுப்பதும் இவற்றைத்தான்.

கதையின் கணக்கை முதலில் முடித்துவிடலாம். கொடான்ஷா பதிப்பகத்தின் 'யங் மேகசீன்' இதழில் 1982 டிசம்பரில் தொடங்கிய தொடர் 1990 ஜூனில்தான் முடிந்தது. படம் ஜப்பானில் வெளியானது 1988 ஜூலை 16. (படத்தின் முதல் காட்சியில் டோக்கியோ அழியும் நாளும் அதே தேதிதான்.) தொடருக்கு முடிவு எழுதுவதற்கு இரண்டு ஆண்டு முன்பே ஓட்டோமோ படத்துக்கு ஒரு முடிவு எழுதியாக வேண்டியிருந்தது. படவேலைக்காகத் தொடரையே இடையில் நிறுத்தி வைத்தார். இஸோ ஹஷிமோட்டோவோடு சேர்ந்து எழுதிய திரைக்கதை, பெரும்பாலும் முன்பாதி மங்காவை எடுத்துக்கொண்டு பின்பாதியிலிருந்து சில காட்சிகளைக் கொண்டுவந்து தைத்தது. மங்காவில் மூன்றாம் தொகுதியின் முடிவில், பழைய டோக்கியோ அழிந்த பின் எழுந்த நியோ டோக்கியோ நொறுங்குகிறது. மீதி மூன்று தொகுதிகளும் அந்த இடிபாடுகளுக்குள் நடப்பவை. படத்தில் அந்த உலகம் அடியோடு இல்லை. மங்காவில் அகிரா உயிரோடு நடமாடும் சிறுவன், படத்திலோ குடுவைகளில் அடைத்துவைத்த மிச்சங்கள். மங்காவில் கதையைத் தாங்கும் மியாகோ, படத்தில் தெருவில் கூச்சல் போட்டுப்போகும் ஒரு கூட்டத்தின் தலைமை, அவ்வளவே.

ஆகவே 'முதலில் எதைப் படிப்பது, எதைப் பார்ப்பது' என்ற கேள்விக்கு ஒரு நடுவழி உண்டு. முதல் தொகுதியை மட்டும் படித்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். பைக் கும்பல், சிதைந்த நெடுஞ்சாலை, கிழட்டு முகம் கொண்ட சிறுவன் என்று படத்தின் தொடக்கத்துக்கான மூலம் அதில் இருக்கிறது. ஒரே காட்சி காகிதத்தில் எப்படி, திரையில் எப்படி என்று ஒப்பிட அது போதும். ஆறையும் முடித்துவிட்டு வந்தால், அடுத்து வரவேண்டிய ஆள் ஏன் வரவில்லை என்று தேடுவதிலேயே இரண்டு மணி நேரம் கரைந்துவிடும்.

வாங்கும் பதிப்பையும் கவனிக்க வேண்டும். 1988-ல் அமெரிக்காவில் மார்வெலின் எபிக் பிரிவு வெளியிட்ட பதிப்பும், பின்னர் டார்க் ஹார்ஸ் வெளியிட்ட ஆறு தொகுதிகளும் இடமிருந்து வலமாகப் படிக்கும்படி பக்கங்களைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பியவை. 2017-ல் வந்த 35-ஆம் ஆண்டுப் பெட்டி, மூலத்தைப் போலவே வலமிருந்து இடமாகப் போகிறது. இது வெறும் பழக்கத்தின் பிரச்சினை இல்லை. திருப்பிய பதிப்பில் பைக்குகள் எதிர்த்திசையில் ஓடும். பைக் கும்பல் சிறுவர்களில் ஒருவனான டெட்சுவோ படத்தில் இழப்பது வலக்கை, திருப்பிய பதிப்பில் அது இடக்கையாகிவிடும். படத்தோடு வைத்துப் பார்க்க நினைப்பவர்களுக்குத் திருப்பாத பதிப்புதான் சரி. எபிக் பதிப்பை வேறொரு காரணத்துக்காகத் தேடலாம்: ஸ்டீவ் ஓலிஃப் கணினியில் வண்ணம் தீட்டியது. அதே கோடுகளுக்கு இன்னொருவர் என்ன நிறம் கொடுத்தார் என்று பார்ப்பது சுவையான விஷயம்.

நிறத்துக்கு வருவோம். படத்தின் பெரும்பகுதி இரவில் நடக்கிறது. செல்லுலாய்டு அனிமேஷன் காலத்தில் இரவுக்காட்சி என்றாலே தயாரிப்பாளர்களுக்குத் தலைவலி. வழக்கமான குறுக்குவழி, எல்லாவற்றின் மேலும் நீலச் சாயலைப் பூசி 'இது இரவு' என்று சொல்லிவிடுவது. அகிரா அந்த வழியில் போகவில்லை. படத்தில் பயன்படுத்திய வண்ணங்கள் 327, அவற்றில் 50 இந்தப் படத்துக்கென்றே கலந்தவை. ஒரே முகம் நியான் பலகைக்குக் கீழே ஒரு நிறம், சோடியம் விளக்குக்குக் கீழே இன்னொரு நிறம், மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மூன்றாவது நிறம். ஒருவர் தெருவைக் கடக்கும்போது சட்டையின் நிழல்பகுதியை மட்டும் கவனித்தால் போதும். நிழல் கறுப்பாக இருக்காது. பச்சையாகவோ கருநீலமாகவோ செம்பழுப்பாகவோ இருக்கும், பக்கத்தில் என்ன விளக்கு எரிகிறதோ அதற்கேற்ப.

இதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. செல் என்பது ஒளி ஊடுருவும் மெல்லிய தாள். முன்பக்கம் கோடு, பின்பக்கம் வண்ணம். ஒரு ஷாட்டில் மூன்று பேர் தனித்தனியாக அசைந்தால் மூன்று அடுக்கு, புகை வந்தால் நான்கு. ஒவ்வொரு தாளும் கொஞ்சம் ஒளியைக் குடிப்பதால், கீழடுக்கில் இருப்பவரின் நிறம் மங்கித் தெரியும். அவர் நடுவில் மேலடுக்குக்கு மாறினால் சட்டை திடீரென்று வெளுத்துவிடும். அதைச் சரிக்கட்ட, ஒரே நிறத்தை அடுக்குக்கு ஏற்ற வெவ்வேறு அழுத்தத்தில் கலந்து வைத்திருக்க வேண்டும். பகல் காட்சியில் இந்த வித்தியாசம் மறைந்துபோகும். இருண்ட நிறங்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் இரவுக்காட்சியில் உடனே பல்லிளிக்கும்.

இனி விளக்குகள். பைக்கின் பின்விளக்கு காற்றில் சிவப்புக் கோடாக நீண்டு, பைக் போன பிறகும் ஒரு கணம் தங்கி மறைகிறதே, அந்தப் பிரகாசம் வண்ணப் பூச்சால் வராது. வெள்ளைப் பெயின்ட் எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் அது விளக்கைப் போல எரியாது. எனவே விளக்கையே படம் பிடித்தார்கள். முதலில் பின்னணியும் செல்களும் சேர்ந்த ஷாட் முழுவதையும் வழக்கம்போல் ஃப்ரேம் ஃப்ரேமாகப் பதிவு செய்வது. பிறகு கேமராவில் இருக்கும் பிலிமை அதே ஷாட்டின் முதல் ஃப்ரேமுக்குப் பின்னோக்கிச் சுற்றுவது. விளக்கு எரிய வேண்டிய இடம் மட்டும் திறந்திருக்க, மற்ற இடமெல்லாம் கறுப்பாக அடைத்த மறைப்பை மேசையில் வைப்பது. கீழிருந்து வெளிச்சம் பாய்ச்சி, மேலே நிறத்தாளும் லென்ஸில் ஒளியைக் கசியவைக்கும் ஃபில்டரும் போட்டு, அதே பிலிமின் மேல் இரண்டாவது முறை பதிவு செய்வது. விளக்கு நகர்ந்தால் ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு புதிய மறைப்பு வேண்டும். சிவப்பும் நீலமும் சேர்ந்து எரிந்தால் இன்னொரு சுற்று.

எங்கே தவறும் என்றால், எல்லா இடத்திலும் தவறும். மறைப்பு ஒரு மயிரிழை விலகினால் விளக்கு வண்டியிலிருந்து பிரிந்து மிதக்கும். வெளிச்சம் சற்றுக் கூடினால் சிவப்பு வெளுத்து வெள்ளையாகும், குறைந்தால் ஒட்டுப்போட்ட ஸ்டிக்கர் போலத் தெரியும். மறைப்பில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் வானத்தில் இல்லாத நட்சத்திரம் முளைக்கும். பிலிமைக் கழுவிப் பார்க்கும்வரை எதுவும் தெரியாது. தவறு கண்டுபிடித்தால் ஷாட்டை முதலிலிருந்து எடுக்க வேண்டியதுதான். முதல் பைக் துரத்தலில் எத்தனை விளக்குகள் ஒரே நேரத்தில் எரிகின்றன என்பதை இந்தக் கணக்கோடு பார்த்தால், அந்த மூன்று நான்கு நிமிடத்தின் விலை புரியும். பின்விளக்கின் வால் நம் கண் நேரில் காணும் காட்சியும் அல்ல. நீண்ட நேரம் ஷட்டரைத் திறந்துவைத்து எடுத்த புகைப்படத்தில்தான் அப்படி விழும். ஓட்டோமோ புகைப்படத்தின் கண்ணை அனிமேஷனுக்குள் கொண்டுவந்தார்.

இந்தப் படத்தைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் ஒன்றை இங்கே திருத்திவிடலாம். 'விநாடிக்கு 24 ஓவியம், ஒவ்வொரு ஃப்ரேமும் புதிதாக வரைந்தது' என்பார்கள். 124 நிமிடத்தை 60-ஆலும் 24-ஆலும் பெருக்கினால் 1,78,560 ஃப்ரேம். படத்துக்காக வரைந்ததாகச் சொல்லப்படும் எண்ணிக்கை ஏறத்தாழ 1,60,000. ஒரு ஃப்ரேமுக்கே இரண்டு மூன்று அடுக்கு தேவைப்படும்போது இந்த எண்ணிக்கை எப்படிப் போதும்? உண்மையில் பல ஷாட்கள் ஒரு ஓவியத்தை இரண்டு ஃப்ரேமுக்கு வைத்திருப்பவை, அதாவது விநாடிக்கு 12. அக்காலத் தொலைக்காட்சி அனிமேயில் மூன்று ஃப்ரேமுக்கு ஒன்று, விநாடிக்கு 8 என்பதே சாதாரணம் என்பதால் இதுவே பெரிய தாவல். ஃப்ரேமுக்கு ஒரு ஓவியம் என்ற ஆடம்பரத்தைத் தேவைப்பட்ட இடத்தில் மட்டும் செலவழித்தார்கள். எங்கே எப்படி என்று அறிய எளிய வழி: டிஸ்க் பிளேயரில் ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பாருங்கள். ஒரே படம் இரண்டு முறை வந்து பிறகு மாறினால் விநாடிக்கு 12, ஒவ்வொரு அழுத்தலுக்கும் மாறினால் 24. ஒரே ஷாட்டில் பின்னணி ஒவ்வொரு ஃப்ரேமும் நகர, ஆள் இரண்டுக்கு ஒருமுறை அசைவதையும் பிடிக்கலாம்.

வாயசைவிலும் இதே கறார். ஜப்பானிய அனிமேயில் படம் முடிந்த பிறகு குரல் கொடுப்பதுதான் வழக்கம். வரைபவர்களும் மூடியது, பாதி திறந்தது, முழுக்கத் திறந்தது என்று மூன்று வாய்களை மாற்றி மாற்றிப் போட்டுச் சமாளித்துவிடுவார்கள். அகிராவில் குரலை முதலில் பதிந்து, அதைக் கேட்டு வாயை வரைந்தார்கள். உதடு, பல், தாடை எல்லாம் பேச்சோடு சேர்ந்து நகரும். இதற்காகவே ஜப்பானிய ஒலியோடுதான் பார்க்க வேண்டும் என்பேன். வேறு மொழி டப்பிங்கில் வாய் ஒன்று சொல்ல, குரல் வேறொன்று சொல்லும். மூன்று வாய்ப் படத்தில் இது உறுத்தாது, இங்கே உறுத்தும்.

இப்போது நம் டிவி. முதல் எதிரி, அசைவை வழவழப்பாக்கும் வசதி. எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் ப்ளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி என்ற பெயரில் இருக்கும். இரண்டு ஃப்ரேமுக்கு இடையே இல்லாத ஃப்ரேமை ஊகித்துச் செருகுவது அதன் வேலை. ஓவியம் இரண்டு ஃப்ரேமுக்கு ஒருமுறைதான் மாறுகிறது என்பதால், நழுவல், நிறுத்தம், நழுவல் என்று விட்டுவிட்டு ஓடும். பின்னணி ஒரு வேகத்திலும் ஆள் இன்னொரு வேகத்திலும் நகரும் ஷாட்களில் மை விளிம்புகள் கிழிந்து இரட்டையாகும். முழுக்க அணைத்துவிடுங்கள். ஃபிலிம்மேக்கர் மோட் (படத்தை எடுத்தபடியே காட்டும் அமைப்பு) இருந்தால் அது இதையும் வேறு சில தொல்லைகளையும் சேர்த்தே அணைத்துவிடும்.

அணைத்த பிறகும் கேமரா பக்கவாட்டில் நகரும்போது தடுமாற்றம் தெரிந்தால், பிளேயர் 60 ஹெர்ட்ஸில் அனுப்புகிறது என்று பொருள். 24-ஐ 60-க்குள் பங்கிட ஒரு ஃப்ரேம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையும் காட்டப்படுவதால் வரும் நொண்டல் அது. பிளேயரில் 24பி (விநாடிக்கு 24 ஃப்ரேம்) வெளியீட்டை இயக்கினால், 120 ஹெர்ட்ஸ் திரை ஒவ்வொரு ஃப்ரேமையும் சமமாக ஐந்து முறை காட்டும்.

ஷார்ப்னஸை நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள். பல டிவிகளில் அது பூஜ்யம் அல்லது அதற்குப் பக்கத்தில், சோனியில் 50. அதற்குமேல் ஏற்றினால் ஒவ்வொரு மைக்கோட்டுக்கும் வெளியே ஒரு வெள்ளை நிழல்கோடு முளைக்கும். நடிகர்கள் நடித்த படத்தில் கண் அதை மன்னித்துவிடும், கோடுகளாலேயே ஆன படத்தில் மன்னிக்காது. நாய்ஸ் ரிடக்‌ஷன் வேண்டவே வேண்டாம். பிலிமின் மணிகளோடு சேர்த்து தூசி, இடிபாட்டுத் துகள், தூரத்து ஜன்னல்கள் என்று கை வலிக்க வரைந்ததையெல்லாம் துடைத்துவிடும்.

கறுப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க முதல் பத்து நிமிடத்தின் தெருக்காட்சிகள் போதும். இருண்ட சுவர் சாம்பல் மூடியதுபோல் வெளிறியிருந்தாலோ, கறுப்பு உடையின் மடிப்புகள் ஒரே மையாக அப்பிக்கிடந்தாலோ, ஒளியளவு வரம்பு பொருந்தவில்லை. கறுப்பு முதல் வெள்ளைவரையிலான அளவை பிளேயர் 16-லிருந்து 235 வரை அனுப்ப, டிவி 0-விலிருந்து 255 வரை எதிர்பார்க்கும், அல்லது நேர்மாறாக. எச்டிஎம்ஐ பிளாக் லெவல் என்ற பெயரில் இருக்கும் அமைப்பை இரு பக்கமும் ஒன்றாக்கினால் தீர்ந்தது. கலர் டெம்பரேச்சர் வார்ம், டைனமிக் கான்ட்ராஸ்ட் இல்லை, அறை விளக்கும் இல்லை. பகலில் திரையில் ஜன்னல் பிரதிபலிக்க இந்தப் படத்தைப் பார்ப்பதைவிட, சாயங்காலம்வரை காத்திருப்பது மேல்.

ஸ்ட்ரீமிங்கில் பார்ப்பதா, டிஸ்க்கா? முதல் காட்சியில் டோக்கியோவை விழுங்கும் வெள்ளைக் கோளமே பதில் சொல்லிவிடும். ஒளி படிப்படியாகக் கரையும் இடத்தில் வளையம் வளையமாகப் பட்டைகள் தெரிந்தால் பிட்ரேட் (விநாடிக்கு வந்துசேரும் தரவின் அளவு) போதவில்லை. புளூ-ரேயின் வீடியோவுக்கு விநாடிக்கு 40 மெகாபிட்வரை இடமுண்டு. இணையத்தில் வரும் சாதாரண எச்டி அதில் சிறு பங்குதான். புகையும் கசியும் ஒளியும் நிறைந்த படத்தில் இந்த வித்தியாசம் மறைவதில்லை. 35 மி.மீ. பிலிமிலிருந்து 2020-ல் செய்த 4கே பதிப்பு எச்டிஆரில் (இருளுக்கும் ஒளிக்கும் இடையே கூடுதல் வீச்சு தரும் முறை) வந்திருக்கிறது. மேலே சொன்ன இரண்டாம் பதிவு விளக்குகளுக்கு எச்டிஆர் நன்றாகவே பொருந்தும், பிலிமில் எரிந்த விளக்கு திரையிலும் எரியும். ஆனால் எச்டிஆர் முத்திரை மட்டும் குத்திய மலிவான, பிரகாசம் குறைந்த திரை என்றால் மொத்தப் படமும் இருண்டுபோகும். அப்படிப்பட்ட டிவிக்கு சாதாரண புளூ-ரேயே நல்லது.

தூரம்: 55 அங்குலத் திரையின் அகலம் சுமார் 122 செ.மீ. அதற்கு 1.9 முதல் 2.3 மீட்டர் தொலைவில் உட்கார்ந்தால், கோட்டின் நுணுக்கமும் தெரியும், படமும் கண்ணை நிறைக்கும். படத்தின் அகல உயர விகிதம் 1.85:1. அதனால் எச்டி திரையில் மேலும் கீழும் சுமார் 21 வரி அளவுக்கு மெல்லிய கறுப்புப் பட்டை இருக்கும். அது தெரியாவிட்டால் டிவி ஓரங்களை வெட்டுகிறதா என்று பாருங்கள்.

ஒலிக்கு முக்கியமான விதி, தொடக்கத்திலேயே சத்தத்தை ஏற்றிவிடாமல் இருப்பது. டோக்கியோ அழியும்போது வெடிச்சத்தம் இல்லை, கோளம் மௌனமாகவே விரிகிறது. கேட்கவில்லையே என்று வால்யூமைக் கூட்டினால், அடுத்து வரும் மேள அதிர்வு ஆளைத் தூக்கிப்போடும். பாரில் நடக்கும் முதல் உரையாடலுக்கு ஏற்றபடி வைத்துவிட்டு அதோடு விட்டுவிடுங்கள். நைட் மோட் அணைந்திருக்க வேண்டும். அது மெல்லியதை ஏற்றி உரத்ததை அமுக்கி, அந்த மௌனத்துக்கு இருக்கும் பலத்தையே பறித்துவிடும்.

இசை கெய்னோ யமாஷிரோகுமி குழுவுடையது. பாலித் தீவின் ஜெகோக் என்னும் மூங்கில் வாத்தியம், ஜப்பானின் பழைய நோ நாடகப் பாடல்முறை, பைக் கும்பலின் தலைவன் கனேடாவின் இசைத்துண்டில் ஜப்பானின் அவோமோரியில் நடக்கும் நெபுட்டா திருவிழாக் கூச்சலான 'ரஸ்ஸேரா' என்று எதிர்காலக் கதைக்கு முழுக்கப் பழங்குரல்களை வைத்திருக்கிறார்கள். ஜெகோக்கின் பெரிய மூங்கில்கள் எழுப்பும் அடித்தொனியை டிவியின் சிறு ஸ்பீக்கர் தராது, டொக்கு டொக்கு என்ற தட்டல் மட்டுமே மிஞ்சும். சப்வூஃபர் இல்லையென்றால் நல்ல ஹெட்ஃபோன் போதும். 2009-ல் ஜப்பானில் வந்த புளூ-ரேயில் 192 கிலோஹெர்ட்ஸ் ஒலித்தடம் இருந்தது. குழுவின் தலைவர் ஷோஜி யமாஷிரோ, சுட்டோமு ஓஹாஷி என்ற இயற்பெயரில் காதுக்கு எட்டாத உயர் அதிர்வுகளை ஆராய்ந்தவர் என்பதால் வந்த பிடிவாதம் அது. பெரும்பாலான வீட்டு ஸ்பீக்கர்கள் அந்த எல்லைக்குப் போவதே இல்லை. அதற்காக யாரும் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

சவுண்ட்பார் வைத்திருப்பவர்கள் ஒலித் தாமதத்தைச் சரிபார்க்க வேண்டும். முன்பே சொன்ன வாயசைவின் துல்லியத்தால், மற்ற அனிமேயில் தப்பித்துவிடும் தாமதம் இங்கே மாட்டிக்கொள்ளும். நெருக்கமாகக் காட்டும் முகம் ஒன்றில் உதடுகள் மூடும் இடத்தைப் பார்த்து, லிப் சிங்க் அமைப்பை 10 மில்லிவிநாடியாக நகர்த்திச் சரிசெய்யலாம்.

முதல் முறை இடையில் நிறுத்தாமல் பார்த்துவிடுங்கள், கதை நழுவினாலும் பரவாயில்லை. இரண்டாவது முறை சப்டைட்டிலை அணைத்துவிடலாம். கண் திரையின் அடிப்பகுதியிலிருந்து விடுபட்டதும் பின்னணி ஓவியங்கள் முன்னே வரும். விஞ்ஞானியின் கூடத்தில் மனஅலைகளைக் காட்டும் வளையம் அன்றைய கணினி வரைகலை, கையால் வரைந்த முகங்களுக்கு நடுவே அது எப்படித் தனித்து நிற்கிறது என்று பாருங்கள். டெட்சுவோவின் உடல் மைதானத்தில் கட்டுமீறி வளரும் கட்டத்தில் மட்டும் ஃப்ரேமை நிறுத்தி ஆராய வேண்டாம். அந்தச் சதை தனித்தனி ஓவியமாக அருவருப்பு மட்டுமே தரும். ஓடவிட்டால்தான் அதற்கு எடை வருகிறது, அந்த எடையைச் சதையின் அளவோடு சேர்ந்து உப்பும் இசை இன்னும் கூட்டுகிறது. மங்காவின் மீதி ஐந்து தொகுதிகளை அதற்குப் பிறகு எடுக்கலாம்.